கைதியின் பெயரில் ஓர் உதவித்தொகை

விருதுநகர் மாவட்டத்துக்குத் தலைநகரம் விருதுநகர்தான். ஆனால் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. சாத்தூரோ சிவகாசியோ, எங்கே குற்றம் நடந்தாலும் பெரிய வழக்கென்றால் இங்கே வந்தாக வேண்டும். ராஜபாளையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். ஆண்டாள் கோயிலுக்கும் பால்கோவாவுக்கும் வெளியூர்க்காரர்கள் அறிந்து வைத்திருக்கும் இந்த ஊரை, வாய்தாவுக்கு வந்து வந்தே பழகிய பெண்களும் உண்டு.

கணவனோ மகனோ உள்ளே இருந்தால் வெளியே அலைவது பெண்ணின் வேலை. வக்கீலைப் பார்க்க வேண்டும், ஜாமீனுக்கு ஆள் பிடிக்க வேண்டும். தண்டனை ஆகிவிட்டால் மதுரைக்கோ பாளையங்கோட்டைக்கோ போய் மனுப் போட்டு முகம் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒவ்வொரு முறையும் பஸ் காசோடு அன்றைய கூலியும் சேர்ந்து போகும். பஞ்சாலையிலோ, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி தறியிலோ, தளவாய்புரத்தில் நைட்டி தைத்தோ வாங்கும் கூலி எத்தனை வாய்தாவைத் தாங்கும்? அடுத்து கைவைப்பது பிள்ளையின் படிப்பில். அதிலும் மூத்தது பெண்ணாக இருந்தால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள அவள்தான் முதலில் நிற்பாள்.

2022ஆம் ஆண்டின் இந்தியச் சிறைப் புள்ளிவிவர அறிக்கைப்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் பெண்கள் 23,772 பேர் மட்டுமே. மொத்தத்தில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். தாயோடு சிறைக்குள் இருக்கும் குழந்தைகளையும் அந்த அறிக்கை எண்ணுகிறது: 1,537 தாய்மார்களுடன் 1,764 குழந்தைகள். வெளியே பள்ளிக்கூடம் போய்க்கொண்டும் போகாமலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அதில் கட்டம் இல்லை.

சிறை சென்றவரின் பிள்ளைக்குப் படிப்பு உதவி என்பது நம் அரசுகளுக்குப் புதிய யோசனையும் அல்ல. விடுதலைக்குப் பிறகு ‘அரசியல் தியாகி’ என்றொரு பிரிவு வந்தது. அவர்களின் பிள்ளைகளுக்குக் கல்விச் சலுகைகள் வந்தன. 1972இல் மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியத்தைத் தொடங்கியபோது சிறையில் இருந்ததற்கான சான்றிதழ் முக்கியமான ஆவணமாயிற்று. ஆறு மாதம் உள்ளே இருந்திருக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் மூன்று மாதம் போதும் என்று அது தளர்த்தப்பட்டது. ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்த அவர் 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார். ஜெயிலுக்குப் போன காலத்தைத் தலைநிமிர்ந்து சொல்லிக்கொண்ட தலைமுறை அது.

பெண்களும் அப்படிப் போனார்கள், பிள்ளைகளோடு. கடலூர் அஞ்சலையம்மாள் கர்ப்பிணியாக வேலூர் சிறைக்குப் போனார். பிரசவத்துக்காக வெளியே விடப்பட்டு, குழந்தை பிறந்த சில நாட்களில் திரும்ப உள்ளே போனார். 1938 நவம்பரில் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சென்னையில் மறியல் செய்து கைதான முதல் பெண்கள் குழுவில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் டாக்டர் தருமாம்பாளும் இருந்தார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற பெண்கள் 73 பேர். அவர்களோடு உள்ளே போன குழந்தைகள் 32. பெண்ணிய வரலாற்றில் இந்த எண்களைப் பெருமையோடு திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் கொலை வழக்கிலோ திருட்டு வழக்கிலோ உள்ளே போன தாயின் குழந்தையும் அதே வேலூர்ச் சுவருக்குள்தான் வளர்ந்தது. அதை நாம் எழுதியதில்லை.

இந்தப் பக்கத்துக் கதை வேறு. 1997இல் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் அமைக்கப்பட்டதை ஒட்டி மூண்ட சாதிக் கலவரம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரக் கிராமங்களை உலுக்கியது. அந்தக் கலவரத்தைப் பற்றிப் பேசும்போது பேருந்துகளைப் பேசுவோம், பெயர்ப் பலகைகளைப் பேசுவோம், செத்தவர்களைச் சாதிவாரியாகப் பேசுவோம். ஆண்கள் வழக்கில் சிக்கிய வீடுகளில் அந்த வருடம் ஸ்கூல் பீஸ் யார் கட்டியது என்ற பேச்சு வராது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தாயோடு சிறையில் இருக்கும் குழந்தையைக் கைதியாக நடத்தக் கூடாது என்றது. ஆறு வயதுவரை தாயிடம் இருக்கலாம் என்றது. பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடமாகச் சிறையைக் குறிக்கக் கூடாது என்றும் சொன்னது. ஒரு தாளில் இருக்கும் ஒரு சொல் பிள்ளையை எத்தனை காலம் துரத்தும் என்று யோசித்த தீர்ப்பு. ஆனால் அது ஆறு வயதோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு குழந்தை பாட்டி வீட்டுக்கோ விடுதிக்கோ போக வேண்டும்.

அந்த இடைவெளியில் சில கைகள் நீண்டிருக்கின்றன. திகாரில் பணியாற்றிய கிரண் பேடி 1994இல் தொடங்கிய இந்தியா விஷன் ஃபவுண்டேஷன் சிறைவாசிகளின் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. தமிழ்நாட்டில் கே.ஆர். ராஜா தொடங்கிய குளோபல் நெட்வொர்க் ஃபார் ஈக்குவாலிட்டி அந்த வேலையைச் செய்கிறது. கேரளத்தின் சமூகநீதித் துறை இவர்களுக்கென்றே ஒரு கல்வி உதவித் திட்டம் வைத்திருக்கிறது. டெல்லி அரசு 2014இல் ஒன்று கொண்டுவந்தது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், தாயை இழந்து, தகப்பன் சிறைக்குப் போவதும் வருவதுமாக இருக்க, பாட்டியிடம் வளர்ந்த யாஸ்மின் அரிங்டன், தன்னைப் போன்றவர்களுக்கு உதவித்தொகை இல்லை என்று கண்டு பதின்ம வயதிலேயே ஸ்காலர்சிப்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்.

தமிழக அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் சிறை என்ற சொல் வெளிப்படையாகவே வருகிறது. பதினெட்டு வயதுவரை பள்ளிப் படிப்பு நிற்காமல் இருக்க மாதம் 2,000 ரூபாய். தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு உண்டு. ஒருவர் இறந்து இன்னொருவர் சிறையில் இருந்தாலும் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் அந்த ‘ஒருவர் இறந்து’ என்ற சொற்களைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். அப்பா உள்ளே, அம்மா வெளியே என்ற வீடு இந்த வாசலில் நுழைய முடியாது. சிறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதால், பாதிக்கப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். அம்மா உயிரோடு இருக்கிறாள், ஆகவே பிள்ளைக்கு ஆதரவு இருக்கிறது என்று தாள் கணக்குப் போடுகிறது. அவள் வாய்தாவுக்கு அலைவதும் கூலி போவதும் கடன் வாங்குவதும் அதில் ஏறாது. பெண்ணின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காத பழைய வழக்கம் இங்கே பிள்ளையின் படிப்பில் வந்து முட்டுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிறைவாசியின் பிள்ளை என்று காட்டினால்தான் காசு என்றால், அதை எங்கே போய்ச் சொல்வது? வாஷிங்டன் போன்ற பெருநகரத்தில் சொல்லிவிடலாம். கிராமத்தில் விஏஓ ஆபீஸ் வாசலில் நிற்கும்போதே பின்னால் நிற்பவருக்குக் காது நீளும். கொலைகாரன் மகள் என்ற பெயர் வகுப்பறைக்குள் வந்துவிட்டால் அப்புறம் எந்தத் தொகையும் அவளைப் பெஞ்சில் உட்கார வைக்காது.

அதனாலேயே எனக்குப் புதுமைப்பெண் திட்டத்தின் மேல் ஒரு தனி மதிப்பு உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியபோது வைத்த தகுதி அவள் படித்த பள்ளிதான். அப்பா எங்கே என்ற கேள்வி இல்லை. வருமான வரம்பும் இல்லை. கல்யாணத்துக்கும் தாலித் தங்கத்துக்கும் உதவியாகப் போய்க்கொண்டிருந்த பணத்தைக் கல்லூரிப் பக்கம் திருப்பிவிட்ட திட்டம் அது. அரசாணையில் அதன் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 1938இல் ஆறு வாரம் சிறையில் இருந்த அதே இராமாமிர்தம். சிறைக்குப் போன ஒரு பெண்ணின் பெயரில், சிறையைப் பற்றி எதுவும் கேட்காமல், சிறைவாசியின் மகளுக்கும் மற்ற எல்லா மகள்களுக்கும் ஒன்றுபோல அந்த ஆயிரம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது.

ஆனால் அது கல்லூரிக்குள் கால்வைத்த பிறகுதான். ஆறு வயது நிறைந்து மதுரை பெண்கள் சிறை வாசலில் அம்மாவை விட்டுப் பிரிந்து பாட்டியோடு பஸ் ஏறும் சிறுமிக்கு, அப்பா வெளியே எங்கேயோ உயிரோடு இருந்தால் அன்புக் கரங்களும் கிடையாது. பிளஸ் டூ முடிக்க அவளுக்கு இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது.