நாக்கு அறியாத சுவை

1975ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து டல்லஸ் நகரில் பெப்சி நிறுவனம் ஒரு விளம்பர உத்தியைத் தொடங்கியது. பெயர் மறைத்த இரு கோப்பைகளை நீட்டி, எது சுவை என்று மக்களைக் கேட்டது. பலர் பெப்சியைச் சுட்டினர். எனினும் கடைகளில் கோக்கே முந்தி விற்றது. நாக்கு ஒன்றைச் சொல்ல, கை வேறொன்றை எடுத்தது.

கோக் நிறுவனமோ நாக்கை நம்பியது. ஏறத்தாழ 2 லட்சம் பேரைச் சுவைக்கச் செய்தபின், 1985 ஏப்ரலில் இனிப்பு கூடிய புதிய கோக்கைக் கொணர்ந்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். 79 நாட்களில் பழைய பானம் திரும்பியது.

இப்புதிரை அதே மாநிலத்து ஹூஸ்டன் நகரில், பேலர் மருத்துவக் கல்லூரியின் ரீட் மாண்டேக் குழுவினர் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் கொண்டுசென்றனர். 2004இல் வெளியான அவர்களது ஆய்வில், கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்குக் குழாய்வழி பானம் தரப்பட்டது. பெயரறியாது பருகியபோது முன்மூளையின் ஒரு பகுதி அவரவர் விருப்பத்திற்கேற்பக் கிளர்ந்தது. கோக்கின் படத்தைக் காட்டிவிட்டு அதே கோக்கைத் தந்தபோதோ, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸும் கிளர்ந்தது. பெப்சியின் பெயருக்கு அத்தகைய விளைவு இல்லை.

'நியூரோமார்க்கெட்டிங்' என்ற சொல் அப்போது புதிது. மூளையில் 'வாங்கு' என்றொரு பொத்தான் அகப்பட்டுவிடும் எனச் சிலர் ஆசைப்பட்டனர், சிலர் அஞ்சினர். இரண்டும் மிகை என்றே நாம் கருதுகிறோம். அக்கருவி எண்ணங்களைப் படிப்பதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதையே பதிகிறது. மூளையின் ஒரே பகுதி பல வேலைகளுக்குக் கிளர்வதால், இடத்தைக் கொண்டு எண்ணத்தை ஊகிப்பது பிழைக்கு வழிவிடும் என்று 2006இல் ரஸ்ஸல் போல்ட்ராக் எச்சரித்தார். 2009இல் முன்வைக்கப்பட்ட ஆய்வொன்றில் கிரெய்க் பென்னட் குழுவினர் செத்த சால்மன் மீனொன்றைக் கருவிக்குள் வைத்துப் படங்கள் காட்டினர். உரிய புள்ளியியல் திருத்தமின்றிக் கணக்கிட்டால், அதன் மூளையும் 'வேலை செய்வதாக'த் தெரிந்தது!

எனவே பொத்தானைப் பற்றிய அச்சத்தை ஒதுக்கிவைப்போம். நாம் கவலைகொள்ள வேண்டியது வேறொன்று. ஹூஸ்டனில் கிளர்ந்த நினைவை அக்கருவி உண்டாக்கவில்லை. பலகைகளும் பாடல்களும் தொலைக்காட்சியும் அதனைக் குழந்தைப் பருவம் முதலே சிறிது சிறிதாய் ஊட்டியிருந்தன. அதற்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவைப்படவில்லை. 'எனக்கு இதுதான் பிடிக்கும்' என்று நாம் உறுதியாய்ச் சொல்லும்போது, அதில் நம் நாக்கின் பங்கு எவ்வளவு, பிறர் நமக்குள் இட்டுவைத்த பெயரின் பங்கு எவ்வளவு? இக்கேள்விக்கான விடையை மூளையின் படத்தில் தேடுவதைவிட, விளம்பரத்தின் வரலாற்றில் தேடுவதே தகும்.