மக்கள் முன்னணி – 7: அரசு அனுப்பிய கப்பல்

1936 ஜூன் 4. பிரான்சில் பிரதமர் லெயோன் ப்ளும் அமைச்சரவையில் கல்வித் துறையும் கலைத் துறையும் ழான் ஸே கைக்கு வந்தன. வயது 31. ஒர்லேயான் நகரத்து வழக்கறிஞர். அப்பா, அல்சாஸ் யூதக் குடும்பத்தில் வந்த பத்திரிகையாளர். அம்மா, புராட்டஸ்டன்ட் சமயத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை. ராடிக்கல் கட்சியின் இடதுசாரி அணியில் வளர்ந்தவர்.

சென்ற வாரம் பார்த்த சம்பளத்தோடு விடுமுறையும், வாரம் 40 மணி நேர வேலையும் தொழிலாளர்களுக்குக் கிடைத்தவை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக வந்தவர் ஸே. கட்டாயக் கல்வி 13 வயதோடு முடிந்துகொண்டிருந்தது. பதவியேற்ற இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 9 சட்டத்தால் அதை 14 ஆக்கினார். ஓராண்டுதானே என்று தோன்றலாம். பட்டறைக்குப் போகவேண்டிய பிள்ளை இன்னும் ஓராண்டு வகுப்பில் உட்கார்ந்தது என்பதுதான் அதன் பொருள். அரசியல் பிரசாரமும் மதப் பிரசாரமும் பள்ளி வாசலுக்குள் நுழையக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியதும் இவரே.

ப்ளும் போனார், ஷோத்தான் வந்தார், தலாதியே வந்தார். கல்வி அமைச்சர் மட்டும் மாறவில்லை. ஹிட்லர், முசோலினியின் செல்வாக்கில் சிக்கிய வெனிஸ் திரைப்பட விழாவுக்கு மாற்றாகக் கான் விழாவுக்கு ஏற்பாடு செய்தார். தொடக்க நாள் 1939 செப்டம்பர் 1. அன்று ஜெர்மானியப் படை போலந்துக்குள் புகுந்தது, விழா நின்றது. இன்றும் பிரான்சின் அறிவியலைத் தாங்கி நிற்கும் தேசிய ஆராய்ச்சி மையம் அந்த அக்டோபரில் பிறந்தபோது, அதற்காக உழைத்த ஸே அமைச்சராக இல்லை. போர் மூண்டதும் பதவியை உதறிவிட்டுப் படையில் சேர்ந்திருந்தார்.

இந்த மனிதருக்குத்தான் பின்னாளில் 'ஓடுகாலி' என்று பட்டம் கட்டினார்கள்.

1940 ஜூனில் பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்தது. நாடாளுமன்றம் வட ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கிருந்து போரைத் தொடரலாம் என்று பேச்சு. அதற்காக அரசே ஏற்பாடு செய்த கப்பல்தான் 'மசீலியா'. ஜூன் 21 அன்று உறுப்பினர்கள் 27 பேர் புறப்பட்டார்கள். கர்ப்பிணி மனைவியோடும் சிறு மகளோடும் ஸே ஏறினார். மெந்தேஸ் பிரான்சும் ஏறினார். 1954-ல் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தபோது பிரான்சின் பிரதமராக இருந்தவர் அவர்தான். கப்பல் கடலில் இருக்கும்போதே, மறுநாள், பிரதமர் பெத்தேனின் அரசு ஹிட்லரோடு போர்நிறுத்தம் செய்துகொண்டது. காசாபிளாங்காவில் கரையேறியபோது, அனுப்பிவைத்த அரசே அவர்களைத் தப்பியோடியவர்கள் என்றது.

ஆகஸ்டில் கைது. அக்டோபர் 4 அன்று கிளெர்மோன் ஃபெரான் ராணுவ நீதிமன்றம், எதிரியின் முன்னிலையில் படையைவிட்டு ஓடியதாகச் சொல்லி, ஆயுள் முழுக்க நாடுகடத்தலும் ராணுவப் பதவி பறிப்பும் விதித்தது. 1894-ல் ராணுவ அதிகாரி ட்ரைஃபஸுக்கு விதித்த அதே தண்டனை. ட்ரைஃபஸும் யூதர். இதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. போதாததற்கு, 19 வயதில் போரை வெறுத்துக் கொடியைச் சாடி ஸே எழுதிய ஒரு சிறு படைப்பை வலதுசாரிகள் பல ஆண்டுகளாகத் தூக்கிப்பிடித்து அவரைத் தூற்றிவந்தார்கள்.

ட்ரைஃபஸைப் போல ஸேயைத் தீவுக்கு அனுப்பவில்லை, ரியோம் சிறையில் அடைத்தார்கள். மனைவி மதலேன் அதே ஊரில் குடியேறினார். அப்பா சிறையிலிருக்கும்போது பிறந்த இரண்டாவது மகள் எலேன், தள்ளுவண்டியில் அப்பாவைப் பார்க்க வருவாள். ஸே எழுதிய தாள்கள் அந்த வண்டியில் ஒளிந்து வெளியேறின. போருக்குப் பின் அவை நூலாயின.

1944 ஜூன் 20. நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. பெத்தேனின் விஷி அரசின் துணைப்படையான மிலிஸ் ஆட்கள், வேறு சிறைக்கு மாற்றும் உத்தரவு என்று ஒரு தாளைக் காட்டி ஸேயை அழைத்துப்போனார்கள். மோல் என்ற ஊருக்கு அருகே காட்டில் சுட்டுக் கொன்றார்கள். அடையாளம் தெரியக்கூடாதென்று உடையைக் களைந்தார்கள். திருமண மோதிரத்தையும் கழற்றினார்கள். வயது 39.

1945 ஜூலையில் நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்து செய்தது. அப்போதும் உடல் கிடைக்கவில்லை. 1946-ல் காட்டில் கிடைத்த எலும்புகள் அவருடையவை என்பது, கொலையாளிகளில் ஒருவன் பிடிபட்டு வாய் திறந்த பிறகு, 1948-ல்தான் தெரிந்தது. அவனுக்கு 1953-ல் ஆயுள் முழுக்கக் கடின உழைப்புத் தண்டனை. இரண்டே ஆண்டில் வெளியே வந்துவிட்டான். ஸே பாரிஸின் பாந்தியோன் நினைவாலயத்தில் இடம்பெற 2015 மே 27 வரை ஆனது.

(தொடரும்)