வறுத்த பயறும் வங்கிக் கடனும்: 1904 முதல் இன்று வரை

இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் எங்கே பதிவானது என்று கேட்டால் பம்பாய், கல்கத்தா என்றுதான் பலர் சொல்வார்கள். பதில் காஞ்சிபுரம். 1904 அக்டோபர். ரிசர்வ் வங்கி நகரக் கூட்டுறவு வங்கிகளின் வரலாற்றைச் சொல்லும்போது முதல் பெயராக வருவது இந்த ஊர்தான். பம்பாயின் பயனியர் சங்கம் வந்தது அதற்கு அடுத்த வருஷம்.

இதைத் தோண்ட வைத்தது ஒரு வீட்டு விவகாரம். திருப்புட்குழியில் இருக்கும் என் உறவுக்காரப் பையன் ஒருத்தன், முப்பது வயசு, கூலிக்கு நெய்கிறவன். சொந்தமாக இரண்டு தறி போட வேண்டும் என்கிறான். "அண்ணா, கவர்மெண்ட்ல மானியம் தர்றாங்களாமே, நெட்ல பார்த்துச் சொல்லுங்க" என்றான். நெட்டில் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பின்னால் போய் 10-ஆம் நூற்றாண்டில் நின்றேன். அது என் வியாதி.

ஊரைத் தெரியாதவர்களுக்கு: காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் பாலுசெட்டி சத்திரம் வரும், அதை ஒட்டித்தான் திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோவில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம், அதனால்தான் பெயரில் 'புள்'. ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இங்கே என்பார்கள். குழந்தை வேண்டும் பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுப்பதும், விடிந்ததும் அது முளைத்திருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தக் கோவில் வழக்கம். தொழிலுக்குக் கடன் கேட்டு அலைகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பயறுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் முதல் போடும் பணம் எங்கிருந்து வந்தது?

பழைய பதில் கோவில். உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கச்சிப்பேட்டில், அதாவது காஞ்சியில், ஊரகத்துப் பெருமாள் கோவிலைப் பற்றியது. கோவிலின் பொன் கூரம் உள்ளிட்ட ஊர்ச் சபைகளிடம் கடனாகப் போகிறது, வட்டி நெல்லாகத் திரும்பி வருகிறது. அந்த வட்டிக்குக் கல்வெட்டுகளில் 'பொலிசை' என்று பெயர். எனக்குப் பிடித்த பகுதி வேறு. கோவில் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நகரின் நான்கு சேரிகளில் வாழ்ந்த நெசவாளர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. கடன் கேட்டு வாசலில் நின்றவர்களாக இல்லை, பணத்தின் கணக்கைக் கையில் வைத்திருந்தவர்களாக நெசவாளர்கள் அந்தச் செப்பேட்டில் வருகிறார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்தபோது நிலைமை தலைகீழ். நெசவாளிக்கு முன்பணம் கொடு, துணியை எனக்கே தரவேண்டும் என்று எழுதி வாங்கு. வட்டியில்லாப் பணம்தான், ஆனால் விலையைச் சொல்பவன் பணம் கொடுத்தவன். கம்பெனி போனது, முறை போகவில்லை. மாஸ்டர் வீவர் பட்டும் சரிகையும் தருவார், கூலியில் பாக்கியைக் கழிப்பார், கல்யாணம் கருமாதி என்றால் இன்னும் கொஞ்சம் தருவார். பாக்கி தீராமல் வேறு ஆளிடம் போக முடியாது. காஞ்சிபுரம் பட்டுத் தொழிலில் இந்த முன்பணம் குழந்தைகள் வரைக்கும் இறங்கியதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் அறிக்கையாகவே எழுதியது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆக 1904-ல் காஞ்சிபுரத்தில் கூட்டுறவுச் சங்கம் பதிவானது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. பின்னணி இது: மெட்ராஸ் அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராயச் சொன்னது. 1890-களின் நடுவில் அவர் இரண்டு தொகுதி அறிக்கை கொடுத்தார். அதன் சாரம், ஜெர்மனியில் கிராமத்துக் கடன் சங்கங்களை உண்டாக்கிய ரைஃபைசன் மாதிரி ஒரு மனிதர் நமக்கு வேண்டும் என்பது. சட்டம் 1904 மார்ச்சில் வந்தது. அதில் கிராமச் சங்கம், நகரச் சங்கம் என்று இரண்டு வகை. கிராமச் சங்கத்தில் ஐந்தில் நான்கு பேர் விவசாயிகளாக இருக்க வேண்டும், பொறுப்புக்கு எல்லை கிடையாது, ஒருத்தர் கட்டாவிட்டால் எல்லோர் சொத்தும் பதில் சொல்லும். நகரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதே ஆண்டு திருவள்ளூர் பக்கம் திரூரில் கிராமச் சங்கம், காஞ்சியில் நகரச் சங்கம்.

ஆனால் 1904 சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அது கடன் சங்கங்களை மட்டும்தான் அனுமதித்தது. நெசவாளிக்குப் பணம் மட்டும் போதுமா? நூல் வேண்டும், சாயம் வேண்டும், நெய்ததை வாங்க ஆள் வேண்டும். கையில் நூறு ரூபாய் இருந்தாலும் நூல் விற்கிறவனும் சேலை வாங்குகிறவனும் ஒரே முதலாளி என்றால் அந்த நூறு மறுபடி அவரிடமே போகும். கொள்முதல், விற்பனை இதற்கெல்லாம் சங்கம் வைக்க 1912-ல் புதுச் சட்டம் வந்த பிறகுதான் வழி பிறந்தது. மாகாண அளவில் நூலை வாங்கித் தந்து துணியை விற்க ஒரு அமைப்பு உருவாக 1935 ஆனது. அதுதான் இன்று நாம் தீபாவளிக்குத் தள்ளுபடியில் சேலை எடுக்கும் கோ-ஆப்டெக்ஸ். ஒரு குறையைச் சரிசெய்ய முப்பத்தோரு வருஷம்! சாஃப்ட்வேரில் இதைவிட மெதுவான பக் ஃபிக்ஸ் நான் பார்த்ததில்லை.

இடையில் இன்னொரு கிளை. சிறுதொழிலுக்கு அரசே கடனும் மானியமும் தரலாம் என்று இந்தியாவில் முதலில் சட்டம் போட்டதும் மெட்ராஸ்தான், 1922-ல். ராஜமுந்திரியில் ஒரு காகித ஆலைக்குப் பெரிய தொகை கொடுத்து அது படுத்துவிட்டது. அதற்கப்புறம் ஜாமீன் கேட்பதில் அதிகாரிகள் கறாரானார்கள். ஒரு பெரிய ஆள் கட்டாத கடனுக்குப் பின்னால் வருகிற நூறு சின்ன ஆட்கள் பத்திரத்தோடு நிற்க வேண்டியிருந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1953-ல் மத்திய அரசு ஆலைத்துணிக்குக் கெஜத்துக்கு 3 பை, அதாவது கால் அணா, கூடுதல் வரி போட்டு அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் ஒதுக்கியது. அதே 1953-ல் கைத்தறித் துணி தேங்கிக் கிடந்தபோது காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா திருச்சியில் தெருவில் இறங்கி விற்றார். என் கணக்கில் வரியும் அந்தத் தெரு விற்பனையும் ஒரே பிரச்சினைக்கு இரண்டு விடைகள். உற்பத்திக்குப் பணம் கொடுத்தால் மட்டும் போதாது, வாங்க ஆள் வேண்டும்.

இப்போது நம்ம பையன் விஷயம். அவனுக்காக நான் எக்செல் ஷீட்டில் போட்ட கணக்கை உடைத்துச் சொல்கிறேன். 'மானியம்' என்ற சொல்லைக் கேட்டதும் கையில் பணம் வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

பிஎம்இஜிபி திட்டம் 2008-ல் வந்தது. கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதம், பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர் போன்ற சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதம் மானியம். ஒரு பேச்சுக்கு 5 லட்ச ரூபாய் திட்டம், சிறப்புப் பிரிவு என்று வையுங்கள். சொந்தப் பணம் 5 சதவீதம், 25,000. மீதி 4,75,000 வங்கிக் கடன். மானியம் 1,75,000 வருகிறது, ஆனால் அவன் கைக்கு வராது. வங்கியில் அவன் பெயரில் டெபாசிட்டாக மூன்று வருஷம் உட்காரும். அந்தத் தொகைக்கு ஈடான கடனுக்கு வட்டி கிடையாது. மூன்று வருஷம் தொழில் நடக்கிறது என்று பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். அதாவது, முதலில் வங்கி மேலாளர் 'சரி' சொல்ல வேண்டும். மாவட்டத் தொழில் மையம் பரிந்துரைக்கலாம், பணம் போடுவது வங்கி. பலருக்கும் வண்டி நிற்பது இந்த இடத்தில்தான்.

நெசவாளர்களுக்குத் தனியாக முத்ரா கடன் இருக்கிறது, 6 சதவீத வட்டிக்கு. வெளியில் நூத்துக்கு ரெண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். வித்தியாசத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 2023-ல் வந்த பிஎம் விஸ்வகர்மாவில் 18 தொழில்கள் பட்டியலில் உண்டு. தையல்காரர் இருக்கிறார், மீன்வலை பின்னுகிறவர் இருக்கிறார், தறி நெசவாளி இல்லை. பையனிடம் ஒருத்தர் இதில் விண்ணப்பிக்கச் சொல்லி 500 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

நான் அவனிடம் சொன்னது: தறி வாங்குவதற்கு ஆகும் பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே, தறி கிடைக்கும். பட்டுக்கும் சரிகைக்கும் மாதா மாதம் முடங்கும் பணம்தான் ஆளைக் கொல்லும். பட்டு கர்நாடகத்திலிருந்து, சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து. வெள்ளி விலை ஏறினால் சரிகையும் ஏறும். சேலை விற்றுப் பணம் வரும்வரை இரண்டு தறிக்கும் பாவு ஓட வேண்டும். ஆகவே விண்ணப்பத்தில் நடைமுறை மூலதனத்தை எந்திரத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் போடாதே, தனி வரியாகப் போடு, எத்தனை மாதத்துக்கு என்றும் எழுது. நெசவாளர் அடையாள அட்டையை முதலில் எடு. அப்புறம் அவனுக்குப் பிடிக்காத ஒன்றும் சொன்னேன்: முதல் வருஷம் ஒரு தறியைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஓட்டு. சங்கமே பட்டும் சரிகையும் தரும், உன் பணம் முடங்காது. இன்னொன்றைச் சொந்தமாக ஓட்டிப் பார். "சங்கத்துல கூலி லேட்டாகும்ணா" என்றான். ஆகும்தான். இருந்தாலும் அங்கே பாக்கிக்காக யாரும் அவன் பிள்ளையைத் தறியில் உட்கார வைக்க மாட்டார்கள்.

விண்ணப்பம் போன வாரம் ஆன்லைனில் ஏறியிருக்கிறது. அடுத்து வங்கி.

இதற்கிடையில் காஞ்சிபுரம், பாலுசெட்டி சத்திரம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துச் சங்கப் பங்குப் பத்திரமோ, கடன் பாஸ்புக்கோ, நூல் வாங்கிய ரசீதோ கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். போட்டோ எடுத்து அனுப்புங்கள். குறிப்பாக 1912-க்கு முந்தையது.