மேடைத் தமிழில் நகை: காலட்சேபம் முதல் பட்டிமன்றம் வரை

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையைத்தான் முதலில் வைக்கிறது. நகை பிறக்கும் களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. எள்ளலுக்கு உரை கண்ட பேராசிரியர், பிறரை எள்ளிச் சிரிப்பதோடு, தான் எள்ளப்படும்போது தானே சிரிப்பதையும் அதில் அடக்குகிறார். மேடைப்பேச்சில் சிரிப்பு எப்படியெல்லாம் இடம் மாறியது என்று ஆராய இந்தப் பாகுபாடு இன்றும் உதவுகிறது.

யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31 அன்று ஆறுமுக நாவலர் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தைத் தொடங்கினார். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பெர்சிவல் பாதிரியாரிடம் பணியாற்றியபோது கண்ட முறையைச் சைவத்துக்குத் திருப்பிய முயற்சி அது. நோக்கம் சமய விளக்கம். சிரிப்பு குடியிருந்த இடம் வேறு: கதாகாலட்சேபம். பாட்டுக்கும் சுலோகத்துக்கும் நடுவே கிளைக்கதை சொல்ல வரும் பாகவதர் சட்டென்று பேச்சுவழக்குக்கு இறங்குவார், கூட்டம் கலகலக்கும். ஏட்டுத் தமிழிலிருந்து வீட்டுத் தமிழுக்கு விழும் அந்தச் சரிவே தமிழ் மேடை நகையின் விசை என்பது என் கருத்து.

இந்த விசையை நன்றாகப் புரிந்துகொண்டவர் என்.எஸ். கிருஷ்ணன். அவருடைய ‘கிந்தனார்’ காலட்சேபம் 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ படத்திலும் இடம்பெற்றது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம்தான் அச்சு. நந்தன் தில்லையைத் தரிசிக்கத் துடித்தான். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்கத் துடிக்கிறான். பாகவதரின் இழுப்பும் தாளமும் அப்படியே இருக்க, பக்தி ததும்ப வேண்டிய இடத்தில் ரயில் வந்து நிற்கிறது. நந்தனைக் கேலி செய்யாமலே, கல்விக் கதவைச் சாத்தி வைத்தவர்களை எள்ளிவிடுகிறார். எள்ளல் இத்தனை நாகரிகமாக மேடையேறியது அரிது.

அரசியல் மேடை இரண்டு வழிகளில் போயிற்று. அண்ணா அடுக்குமொழியில் கட்டினார். அதில் நகை சொல்லாட்சியாக வந்தது. பெரியாரோ ஈரோட்டுப் பேச்சுவழக்கை விடவே இல்லை. புராணக் கதையை வீட்டு வரவுசெலவு போல விசாரிப்பார். அந்த விசாரணையே சிரிப்பை மூட்டும்.

பக்தி மேடையில் கிருபானந்த வாரியார் (1906–1993) தேர்ந்தது இளமை என்னும் களம். முன்னால் அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார். சரியாகச் சொன்னால் பரிசு. தப்பாகச் சொன்னால் ஊரே சிரிக்கும், அந்தப் பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். யார் மனமும் புண்படாது. அந்தக் கேள்வியும் அன்றைய கதையிலிருந்தே வந்திருக்கும்.

கி.வா. ஜகந்நாதன் வழி சிலேடை. வழியில் நின்றுபோன காரைத் தள்ளச் சொன்னபோது, தமக்குத் ‘தள்ளாத வயது’ என்றாராம். மேடைகளில் இன்றும் வழங்கும் கதை இது. அவர் பெயரில் வழங்குவனவெல்லாம் அவர் சொன்னவைதானா என்பது தனி ஆய்வுக்குரியது.

1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். கம்பன் மேடைகளில் வளர்ந்த பட்டிமன்றம் காப்பியப் பாத்திரங்களைப் பற்றி வழக்காடியது. குன்றக்குடி அடிகளார் அதைச் சமூகப் பொருளுக்குத் திருப்பினார். மதுரை அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா மதுரைப் பேச்சை நடுவர் நாற்காலியில் உட்காரவைத்தார். 1993-இல் சன் டிவி வந்தபின் பட்டிமன்றம் பண்டிகைக் காலை நிகழ்ச்சியாயிற்று. திண்டுக்கல் லியோனியின் பாட்டுமன்றக் கேசட்டுகள் திருவிழா ஒலிபெருக்கிகளில் முழங்கின.

இங்கேதான் திருப்பம். பேச்சு முழுக்க வீட்டுத் தமிழாகிவிட்டதால் பழைய சரிவு இல்லாமல் போயிற்று. அந்த இடத்தை நிரப்பத் துணுக்குகள் வந்தன: மாமியார், மருமகள், டாக்டர், நோயாளி. மனைவிக்குப் பயந்த கணவனாகத் தன்னையே எள்ளிக்கொள்வது உரையாசிரியர் பேராசிரியர் சொன்ன வகைதான். ஆனால் அலுக்குமளவுக்கு அரைக்கப்பட்ட மாவு. தலைப்பு மாறினாலும் துணுக்கு மாறுவதில்லை. பாப்பையா போன்றவர்கள் இதில் விதிவிலக்கு. அவர்களுடைய சிரிப்புக்குப் பின்னால் இலக்கியம் நிற்கிறது.

அச்சான சொற்பொழிவில் சிரிப்பு பதிவாவதில்லை. எந்தச் சொல்லில் குரல் இறங்கியது, எவ்வளவு நேரம் பேச்சாளர் காத்திருந்தார் என்பதெல்லாம் ஒலிப்பதிவில்தான் உண்டு. வீட்டுப் பரண்களில் பூஞ்சை பிடிக்கும் பழைய மேடைக் கேசட்டுகளை எறிந்துவிடாமல் அருகிலுள்ள நூலகத்திலோ கல்லூரித் தமிழ்த்துறையிலோ வாசகர்கள் சேர்ப்பிக்க வேண்டும்.