தென்பாண்டி இசை நாடகம்

வசனமும் பாட்டும் மாறி மாறி வர, இடையிடையே கோமாளியும் நடனமும் சேர, விடிய விடிய நடக்கும் ஜனரஞ்சக மேடைக்கலை. ஐரோப்பாவில் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்கது ஆப்பரெட்டா. பாரிஸில் ஓஃபன்பாக் 1858இல் 'பாதாளத்தில் ஆர்ஃபியஸ்' போட்டார். வியன்னாவில் ஸ்ட்ராஸ், லண்டனில் கில்பர்ட்டும் சல்லிவனும் என்று அந்த மோகம் பரவியது. தமிழில் கீர்த்தனை நாடகமும் தெருக்கூத்தும் அதற்கு முன்பே இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி கம்பெனிகள் வழியாக வந்த படுதாக்களும் இந்துஸ்தானி மெட்டுகளும் அவற்றோடு கலந்ததில் புதிய வடிவம் பிறந்தது.

அதற்கு இலக்கணம் போலாகிவிட்டவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்புப் படித்த இவர், பிழைப்புக்கு உப்பளத்தில் கணக்கெழுதினார். இருபத்துநாலாவது வயதில் உப்புக் கணக்கை விட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். எமன், இரணியன், சனீசுவரன் போன்ற வேஷங்களில் பார்ப்போரை நடுங்க வைத்தாராம். பின்னர் வேஷம் போடுவதை விட்டு, எழுத்திலும் பயிற்றுவிப்பதிலும் இறங்கினார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சத்தியவான் சாவித்திரி' எல்லாம் அவர் எழுதியவை. 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் சலிக்காமல் சொல்லும் கதை. 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் தேறினார்கள்.

சிறுவர்களை வைத்து நடத்தப்பட்ட இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளுக்கு அப்பால் வளர்ந்தது 'ஸ்பெஷல் நாடகம்'. இதில் நிரந்தரக் குழு கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். இருவரும் கோயில் கொடைத் திருவிழாவன்று மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை இல்லை. சுவாமிகள் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதே உத்தரவாதம். முதலில் பபூன் எனும் கோமாளி வந்து ஊரைக் கலகலக்க வைப்பார், பிறகு டான்ஸ், அதற்கப்புறமே கதை. 'வள்ளி திருமண'த்தில் நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கிவிட்டால் மணிக்கணக்கில் இழுக்கும். ஒருவர் மடக்க, மற்றவர் பாட்டாலேயே திருப்பிக் கொடுக்க, ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடிக்கொண்டே சுருதி விலகாமல் காப்பார். யார் தோற்றார் என்று மறுநாள் டீக்கடையில் முடிவாகும். ஆப்பரெட்டா இசைக்குறிப்பை நம்பியது; இந்த மேடை தொண்டையையும் நினைவாற்றலையும் நம்பியது. இதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்த 1920களின் பிற்பகுதி இதன் உச்சம். மைக் பரவலாகாத காலத்தில் கடைசி வரிசைக்கும் எட்டிய குரல்கள் அவை. கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்தார். சுவாமிகளின் மாணவர் எஸ்.எஸ். விசுவநாத தாஸ் முருகன் வேஷத்தில் வந்து தேசியப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே உயிர் விட்டார்.

பேசும்படம் வந்ததும் நாடகத்தின் கதை, பாட்டு, நடிகர் மூன்றையும் அள்ளிக்கொண்டது. 1934இல் வந்த 'பவளக்கொடி'தான் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு முதல் படம். பணம் போனாலும் கிராமம் கைவிடவில்லை. 1923இல் மதுரையில் அமைந்த நடிகர் சங்கத்தைப் போலவே புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் சங்கங்களும் கலைஞர்களைக் கொடை விழாக்களுக்கு அனுப்பி வந்தன.

சுவாமிகளின் வட்டாரத்து வீரனான பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் புராணக் கதாநாயகர்களுக்குப் பிந்தித்தான் பெரிய மேடைக்கு வந்தார். 1799இல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டவரின் கதையைக் கும்மியும் கதைப்பாடலும் தெற்கத்திக் கிராமங்களில் உயிரோடு வைத்திருந்தன. 1950களில் சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதி சிவாஜி கணேசன் நடித்த நாடகம் 1959இல் படமானபோது, மக்கள் வாயில் தங்கியது பாட்டைவிட வசனம். ஸ்பெஷல் மேடையிலும் கட்டபொம்மன் சரித்திர நாடகமாக இடம்பெற்றுவிட்டார்; அங்கே ஆங்கிலேயக் கலெக்டர் ஜாக்சன் துரையிடம் மல்லுக்கு நிற்கும் வீரரும் நடுவில் ஒரு பாட்டுப் பாடாமல் தப்ப முடியாது.