மணலில் தொடங்கிய பாடம்

அந்நாளைய தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் முதல் ஏடு மணல்தான். தரையில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைப்பார்கள். எழுதும்போதே அந்த எழுத்தை உரக்கச் சொல்ல வேண்டும். கை பழகிய பிறகுதான் பனையோலையும் எழுத்தாணியும் கிடைக்கும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியவை வாய்ப்பாடமாக ஏறின.

இந்தப் பள்ளிகளின் உண்மையான வலிமை கணக்குப் பாடத்தில் இருந்தது. பொன்னிலக்கம் என்ற எண் பாடம் ஒன்றிலிருந்து தொடங்காது. 320இல் ஒரு பங்கான முந்திரியிலிருந்து தொடங்கி, அரைக்காணி, காணி, மா, கால், அரை என்று ஏறி முழு எண்ணுக்கு வரும். நெல் அளவைகளைச் சொல்லும் நெல்லிலக்கம் செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி எனக் கலம் வரை போகும். குழிமாற்று நிலத்தின் பரப்பைப் பெருக்கக் கற்றுத்தரும். இவை அடங்கிய எண்சுவடியைப் பிள்ளைகள் கூட்டமாக ராகம் போட்டுச் சொல்வார்கள். பொருள் தெரியாத கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஐரோப்பியர் பலர் இதைப் பழித்தார்கள். செய்யுள் பாடத்துக்கு அந்தக் குறை ஓரளவு பொருந்தும். கணக்குக்குப் பொருந்தாது. காலையில் நாழி, பதக்கு என்று ஒப்பித்த பையன் மாலையில் களத்துமேட்டில் அதே அளவுகளால் நெல் அளக்கப்படுவதைக் கண்டான். பாடத்துக்கும் பிழைப்புக்கும் நடுவே இடைவெளியே இல்லை.

அங்கே வகுப்புப் பிரிவும் கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பையனும் ஒரே திண்ணையில் இருப்பார்கள். அவரவர் ஏடு அவரவர் வேகத்தில் நகரும். உபாத்தியாயர் ஒருவரே என்பதால், மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களிடம் பாடம் கேட்பான். பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவனுக்கும் பாடம் உறுதிப்பட்டது.

இதன் மறுபக்கம் கொடியது. பிரம்படி அன்றாட வழக்கம். பையனைக் கயிற்றைப் பிடித்துத் தொங்கவைக்கும் கோதண்டம் என்ற தண்டனையும் உண்டு. அதற்கு அஞ்சி ஒளிந்துகொண்ட பிள்ளைகளைப் பெரிய பையன்கள் தூக்கிவருவார்கள். நல்ல கற்பித்தல் முறை ஒன்றை இந்த அச்சமே பல பிள்ளைகளுக்குக் கசப்பாக்கியது. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட சாதிகளின் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் திண்ணையில் ஏறவே இடமில்லை. பெண் பிள்ளைகளும் மிகக் குறைவு.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்ட கணக்கெடுப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகப் பதிவாயிற்று. அவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே.

திண்ணைப் பள்ளியின் முறை அந்தக் கணக்கெடுப்புக்கு முன்பே கடல் கடந்தும் போயிற்று. 1789இல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவர முயன்றபோது துணையாசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். பிறகு பள்ளி முழுவதையும் மாணவர்களைக் கொண்டே நடத்தினார். பிரம்பை ஒதுக்கி, தவறு செய்தவனைச் சக மாணவர்களே விசாரிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். தண்டனையைத் திண்ணையிலிருந்து எடுத்துக்கொள்ளாதது அவருடைய பெருமை. 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலால், மாணவர்களைக் கொண்டே கற்பிக்கும் இந்த 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. அங்கே ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கானோரை மலிவாகப் படிக்கவைக்கும் ஏற்பாடாக அது சுருங்கியது. அவரவர் வேகம் என்ற நயம் பெரும்பாலும் தொலைந்தது.

தமிழகத்திலோ, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேர்வு முடிவைப் பார்த்து அரசு மானியம் வழங்கத் தொடங்கியது. திண்ணைகளுக்கும் அச்சுப் பாடநூல் வந்தது, இன்ஸ்பெக்டரும் வந்தார். மனப்பாடம் நின்றுவிடவில்லை, களத்துமேட்டோடு அதற்கிருந்த உறவுதான் அறுந்தது. காணியும் முந்திரியும் பாடத்திலிருந்து மறைந்தன.

வகுப்பறையில் அவரவர் வேகத்துக்கு மீண்டும் இடம் தேடிய முயற்சி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல். வெவ்வேறு நிலைப் பிள்ளைகள் தரையில் குழுவாக உட்கார்ந்து, ஏணிப்படி போல் அடுக்கிய அட்டைகளைத் தாங்களே எடுத்துப் படித்தார்கள். தாழ்வான கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரெங்கும் ஓடியது.