போரில் பாலத்தைக் காப்பாற்றுவது எப்படி? ரெமாகன் சொல்லும் பாடம்

போர்க்காலத்தில் ஆற்றுப்பாலத்தைப் பிடிப்பதைவிட அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய தலைவலி. இதற்குச் சரியான உதாரணம், ஜெர்மனியின் ரெமாகன் ஊரில் ரைன் ஆற்றின் மீது இருந்த லூடன்டார்ஃப் ரயில் பாலம். 1945 மார்ச் 7-ல் இது அமெரிக்கப் படையிடம் சிக்கியது. தகர்க்க ஜெர்மானியர்கள் வைத்த வெடி, பாலத்தை உலுக்கியதே தவிர வீழ்த்தவில்லை.

வானத்தில் என்ன பாதுகாப்பு?

ஜெர்மன் விமானங்கள் விடாமல் வந்தன. விமான எதிர்ப்பு பீரங்கிகளைச் சுற்றிலும் குவித்தது அமெரிக்கா. கம்பியில் கட்டிய ராட்சத பலூன்களும் பறக்கவிடப்பட்டன. தாழப் பறக்கும் விமானம் கம்பியில் சிக்கிவிடும் என்பதுதான் கணக்கு. 11 வி-2 ராக்கெட்டுகள் ஏவப்பட்டும், ஒன்றுகூடப் பாலத்தைத் தொடவில்லை.

தண்ணீரில்?

மிதந்து வரும் வெடிகளைத் தடுக்க ஆற்றின் குறுக்கே வலைகளும் மிதவைத் தடுப்புகளும் போடப்பட்டன. இரவில் நீந்தி வந்த ஜெர்மன் முக்குளி வீரர்களைத் தேடுவிளக்குகள் காட்டிக்கொடுத்தன.

அப்புறம் ஏன் விழுந்தது?

முதல் நாள் வெடியிலேயே பாலம் பலவீனமாகிவிட்டது. பிறகு குண்டுவீச்சின் அதிர்வு, டாங்கிகளின் எடை. பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்தபோதே மார்ச் 17-ல் இடிந்தது. 28 அமெரிக்க வீரர்கள் உயிரிழந்தனர்.

ஆனாலும் படை நகர்வு நிற்கவில்லை. காரணம், அருகிலேயே மிதவைப் பாலங்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. ஒரே பாலத்தை நம்பி இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.